வெற்றுத் தாளுக்கு முன்னால் மூன்று ஆண்டுகள்

2022 நவம்பர் 24 இரவு சீனாவின் உரும்ச்சி நகரில் எடுத்த அந்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளங்களில் தீ எரிகிறது. கீழே நிற்கும் தீயணைப்பு வண்டி தண்ணீரைப் பீய்ச்சுகிறது. தண்ணீர் வளைந்து போய், சுவரைத் தொடும் முன்பே கீழே விழுந்துவிடுகிறது. வண்டியால் இன்னும் கிட்டே வர முடியவில்லை. வழியில் கார்கள், தடுப்புகள்.

பதினைந்தாம் மாடியில் ஒரு வீட்டின் படுக்கையறையில், மின் நீட்டிப்புப் பலகையிலிருந்து தீ பிடித்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். பதினேழாம் மாடி வரை தீ ஏறியது. இருபத்தோராம் மாடி வரை புகை போனது. அணைக்கக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பிடித்தது. அரசுக் கணக்கின்படி 10 பேர் இறந்தார்கள், 9 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் அந்தப் பகுதியின் முஸ்லிம் சிறுபான்மையினரான உய்குர்கள். சிஞ்சியாங் தன்னாட்சிப் பகுதியின் தலைநகரான உரும்ச்சி, ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து நூறு நாட்களுக்கும் மேலாகக் கோவிட் முடக்கத்தில் இருந்தது.

மறுநாள் இரவு செய்தியாளர் கூட்டம் நடந்தது. அந்த வளாகம் 'குறைந்த அபாயப் பகுதி', மக்கள் கீழே இறங்கி வர அனுமதி இருந்தது, கதவுகளைப் பூட்டவில்லை என்று விளக்கம் தந்தார்கள். வாகனங்கள் வழியை மறித்திருந்தன என்றார்கள். மூன்று மாதம் ஓட்டாமல் நின்ற கார் பேட்டரி தீர்ந்து எப்படி நகரும் என்று மக்கள் இணையத்தில் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில்தான் நகரத் தீயணைப்புத் துறைத் தலைவர், குடியிருந்தவர்களில் சிலருக்குத் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும் திறன் குறைவாக இருந்தது என்றார். சீனா முழுவதும் கொதித்தெழ அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

ஷாங்காய்க்கும் உரும்ச்சிக்கும் நடுவே மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தூரம். மொழி வேறு, மதம் வேறு, சாப்பாடு வேறு. சிஞ்சியாங்கில் லட்சக்கணக்கான உய்குர்களை முகாம்களில் அடைத்த ஆண்டுகளில் ஷாங்காய்த் தெருவில் யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. இந்தத் தீக்கு மட்டும் ஏன் ஏற்றினார்கள்? அந்தக் கட்டடத்தின் கதவு எப்படிப்பட்டது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. மூன்று ஆண்டுகளாக ஒரே மாதிரிக் கதவுக்குப் பின்னால் எல்லோரும் இருந்திருக்கிறார்கள். இந்தத் தீக்குப் பின் வெற்றுத் தாளோடு எழுந்த போராட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் நவம்பர் 26, 27 ஆகிய இரண்டு இரவுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கதவு எப்படி வந்தது, அதன் பூட்டு யார் கையில் இருந்தது என்பதைப் பார்க்காமல் அந்த இரவுகள் விளங்காது.

சீன நகரங்களில் பெரும்பாலோர் வாழ்வது 'ஷியாவ்சூ' என்னும் மதில் சூழ்ந்த வளாகத்தில். பல கட்டடங்கள், நான்கைந்து வாயில்கள். எல்லா வாயில்களையும் அடைத்து ஒன்றில் மட்டும் காவலாளியை நிறுத்தினால் சில ஆயிரம் பேரை அடைத்தாயிற்று. அதற்குத் தனிப் படை தேவையில்லை. வளாகத்தைப் பார்த்துக்கொள்ளக் குடியிருப்போர் குழு இருக்கிறது. பெயர்தான் மக்கள் குழு, வேலை அரசின் கடைசிப் படிக்கட்டு. அதற்கும் கீழே 'கட்டம்' என்று ஒவ்வொரு சில நூறு வீட்டுக்கும் ஒரு பொறுப்பாளர், வீச்சாட் என்ற அரட்டைச் செயலியில் அவர் நடத்தும் குழு. இன்று யாருக்குப் பரிசோதனை, எந்தக் கட்டடத்துக்குக் காய்கறிப் பை, யார் வீட்டுக் கதவில் சீல் என்பதெல்லாம் அந்தக் குழுவில்தான் வரும். வெள்ளைப் பாதுகாப்பு உடை போட்ட பணியாளர்களை மக்கள் 'தாபாய்', பெரிய வெள்ளை என்று அழைத்தார்கள். 2020இல் அது செல்லப் பெயர். 2022 ஏப்ரலில், முடக்கத்தில் இருந்த ஷாங்காயில் அதே பெயரைச் சொல்லும்போது குரல் மாறியிருந்தது.

அடுத்தது போனில் இருந்த சுகாதாரக் குறியீடு. பச்சை என்றால் நடமாடலாம். மஞ்சளோ சிவப்போ ஆனால் முடியாது. மெட்ரோ, கடை, அலுவலகம், மருத்துவமனை எல்லா வாசலிலும் அந்த இடத்துக்கான கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்ற கணக்கு இப்படிச் சேர்ந்தது. பச்சை நிலைக்க வேண்டுமானால் நகரத்தைப் பொறுத்து 48 அல்லது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை தொண்டைச் சளி மாதிரி கொடுக்க வேண்டும். 2022 மே மாதத்துக்குப் பிறகு பெருநகரங்களில் நடந்துபோனால் 15 நிமிடத்துக்குள் ஒரு பரிசோதனைச் சாவடி இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

அந்தச் சாவடியில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒருவருக்கு ஒரு குழாய் என்று வைத்தால் எந்த நகரத்துக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பத்துப் பேரின் பஞ்சுக்குச்சிகளை ஒரே குழாயில் முறித்துப் போடுவார்கள். தனிப் பரிசோதனைக்கு 16 யுவான், கூட்டுப் பரிசோதனைக்கு 3.5 யுவான் என்று உச்ச விலை வைத்திருந்தார்கள். குழாய் நெகட்டிவ் என்றால் பத்துப் பேரும் பச்சை. பாசிட்டிவ் என்றால் பத்துப் பேரின் குறியீடும் நின்றுவிடும். எல்லோரையும் தனித்தனியாக மறுபடி சோதிக்கும்வரை யாரும் நகர முடியாது.

தொற்று மிகக் குறைவாக இருக்கும்போது இது நல்ல முறை, மறுக்க முடியாது. பெருகினால் கணக்கு கவிழும். ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று. மொத்தம் 10 லட்சம் குழாய்கள், அவற்றில் ஏறக்குறைய 10,000 பாசிட்டிவ். அதாவது 1 லட்சம் பேரின் குறியீடு நிற்கும். அவர்களில் உண்மையில் தொற்று உள்ளவர்கள் 10,000. மற்ற 90,000 பேர் யாரோ தெரியாதவரோடு வரிசையில் நின்ற ஒரே காரணத்துக்காக அடைபட்டவர்கள். மறுபரிசோதனைக்கு ஆள் போதாமல் ஒரு நாள் தாமதமானால் அதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். ஓமிக்ரான் போன்ற வேகமான திரிபு வந்த பிறகு இந்த இயந்திரம் தன் எடையிலேயே சாயும் என்பது எண்களிலேயே தெரிந்தது. நவம்பர் 23ஆம் தேதிக்கான தினசரித் தொற்று 31,000ஐத் தாண்டி, அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது.

மூன்றாவது, 'கடின அடைப்பு'. ஷாங்காயில் பச்சைக் கம்பி வேலி, மற்ற ஊர்களில் இரும்புத் தகடு, வாசலில் குறுக்குக் கம்பி, கதவு திறந்தால் தகவல் அனுப்பும் காந்த உணரி. காவலாளிக்கு ஆகும் செலவை வேலி மிச்சப்படுத்தியது. தீ விபத்தின்போது வேலியை யார் அகற்றுவது, சாவி யாரிடம், இரவு இரண்டு மணிக்கு அந்த ஆளை எப்படி எழுப்புவது என்பதற்குப் பல இடங்களில் பதிலே கிடையாது. மேலிருந்து வந்த உத்தரவில் தொற்று எண்ணிக்கை பூஜ்யமாக வேண்டும் என்று இருந்தது. எண்ணிக்கை ஏறினால் உள்ளூர் அதிகாரியின் பதவி போகும். வேலிக்குள் ஒருவர் மாரடைப்பில் இறந்தால் அந்த அளவுக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது. பூட்டு மேல் பூட்டு விழுந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

விளைவுகளை மக்கள் ஒவ்வொன்றாக மனத்தில் எழுதி வைத்துக்கொண்டே வந்தார்கள். 2022 ஜனவரி 1, சியான் நகரம்: எட்டு மாதக் கர்ப்பிணியின் பரிசோதனைச் சான்று சில மணி நேரம் காலாவதியாகிவிட்டதென்று மருத்துவமனை வாசலிலேயே காக்க வைத்தார்கள். குழந்தை இறந்தது. ஜூன், ஜெங்ஜோ: கிராம வங்கிகளில் போட்ட பணத்தைக் கேட்டு வந்தவர்களின் குறியீடு திடீரென்று சிவப்பானது. 1,317 பேருக்கு அப்படிச் செய்யப்பட்டதாக அரசே ஒப்புக்கொண்டு ஐந்து அதிகாரிகளைத் தண்டித்தது. தொற்றுக்காகச் செய்த கருவி யாரைத் தடுக்கவும் உதவும் என்று நாடே பார்த்துவிட்டது. செப்டம்பர் 18 அதிகாலை, குய்ஜோ மாகாணம்: குய்யாங்கிலிருந்து தனிமைப்படுத்தும் இடத்துக்கு 47 பேரை ஏற்றிச்சென்ற பேருந்து கவிழ்ந்து 27 பேர் இறந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் அந்தப் பேருந்து மலைப்பாதையில் போனது நகரத்தின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான். 'அந்தப் பேருந்தில் நாம் எல்லோருமே இருக்கிறோம்' என்ற வாக்கியம் அப்போது பரவியது. நவம்பர் 1, லான்ஜோ: கார்பன் மோனாக்சைடு தாக்கிய மூன்று வயதுச் சிறுவனை முடக்கத்தால் நேரத்துக்கு மருத்துவமனை சேர்க்க முடியவில்லை.

ஆகவே உரும்ச்சித் தீ ஒரு நீண்ட பட்டியலின் கடைசி வரியாக வந்தது. 'திடீரென்று வெடித்தது' என்று எழுதுபவர்கள் இந்தப் பட்டியலைப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மாணவர்களுக்கு முன்பே தெருவில் இறங்கியவர்கள் தொழிலாளர்கள். இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெற்றுத் தாளின் அழகில் இவர்கள் மறைந்துபோகிறார்கள். ஜெங்ஜோவில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலை 'மூடிய வளையம்' முறையில் ஓடியது: ஆலை, விடுதி, மறுபடி ஆலை, வெளியே போக வழியில்லை. அக்டோபர் இறுதியில் உள்ளே தொற்று பரவி, சாப்பாடும் மருந்தும் தட்டுப்பாடானபோது தொழிலாளர்கள் பெட்டி படுக்கையோடு வேலி தாண்டி நெடுஞ்சாலையோரமாகவும் வயல் வழியாகவும் ஊருக்கு நடந்தார்கள். அவர்கள் இடத்துக்குக் கூடுதல் ஊக்கத்தொகை சொல்லிப் புது ஆட்களைச் சேர்த்தார்கள். சொன்னபடி தரவில்லை என்று நவம்பர் 22, 23இல் மோதல் வெடித்தது. கடைசியில் 10,000 யுவான் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள் என்று நிறுவனம் சொல்ல வேண்டியதாயிற்று. குவாங்ஜோவின் ஹைஜூ பகுதியில் தையல் பட்டறைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழும் சந்துகளில் நவம்பர் 14 இரவே தடுப்புகள் சரிந்தன. அவர்களில் பலர் ஹூபெய் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாள் கூலி நின்றால் வாடகை நிற்காது. அவர்களுக்கு அது கொள்கை விவாதமாக இருக்கவில்லை.

நவம்பர் 11இல் மத்திய அரசு '20 நடவடிக்கைகள்' என்ற தளர்வை அறிவித்தது. நெருங்கிய தொடர்பில் இருந்தவர்களுக்கு மையத்தில் 7 நாள், வீட்டில் 3 நாள் என்றிருந்த தனிமை, மையத்தில் 5, வீட்டில் 3 ஆனது. கண்டபடி அடைக்கக் கூடாது, ஒரு கட்டடத்தில் தொற்று என்றால் அந்தக் கட்டடம் அல்லது அதன் ஒரு பிரிவு மட்டும்தான் அபாயப் பகுதி என்றும் அதில் இருந்தது. அதேவேளை, தொற்று எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் 'பூஜ்யக் கொள்கை' மாறாது என்றும் சொன்னார்கள். உள்ளூர் அதிகாரி எதைக் கேட்பார்? எண்ணிக்கை ஏற ஏற மறுபடியும் முழு வளாகத்தையே பூட்டினார்.

இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் காட்சி வருகிறது. நவம்பர் 25, 26இல் பெய்ஜிங்கின் பல வளாகங்களில் மக்கள் இறங்கி வந்து குடியிருப்போர் குழுவினரைச் சூழ்ந்தார்கள். எந்தச் சட்டப்படி வாயிலை அடைத்தீர்கள்? எழுத்தில் உத்தரவு எங்கே? யார் கையெழுத்து? ஒரு பகுதியை அடைக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா, அதற்கு மேலே உள்ள அரசுதானே அறிவிக்க வேண்டும்? சிலர் 20 நடவடிக்கைகளின் அச்சுப் பிரதியையே கையில் வைத்திருந்தார்கள். குழுவிடம் காகிதம் எதுவும் இல்லை. வாய்மொழி, தொலைபேசி, வீச்சாட் செய்தி, அவ்வளவுதான். சில மணி நேர வாக்குவாதத்துக்குப் பின் பல வளாகங்களில் வாயில் திறந்தது. அந்தச் செய்தி அடுத்த வளாகத்துக்குப் போய், அங்கும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். முழக்கம் எழுப்பாத இந்தப் போராட்டத்தைத் தொலைக்காட்சிகள் அதிகம் காட்டவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்தப் பூட்டு எந்தக் காகிதமும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நேருக்கு நேர் நிரூபித்தவர்கள் இவர்கள்தான்.

கத்தாரில் உலகக் கோப்பையும் அப்போது தொடங்கியிருந்தது. முகக்கவசம் இல்லாமல் பல்லாயிரம் பேர் அரங்கில் குதிப்பதைச் சீன ரசிகர்கள் வீட்டில் அடைபட்டபடி பார்த்தார்கள். அரசுத் தொலைக்காட்சி பார்வையாளர்களின் நெருக்கக் காட்சிகளை வெட்டி, பயிற்சியாளரையும் மைதானத்தையும் காட்டியது. வெட்டியதை மக்கள் கவனித்தார்கள்.

முழக்கங்களும் முன்பே தயாராக இருந்தன. அக்டோபர் 13 அன்று, கட்சி மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னால், பெய்ஜிங்கின் சீத்தோங் பாலத்தில் பெங் லிஃபா என்பவர் தனியாளாக இரண்டு பதாகைகளைத் தொங்கவிட்டுப் புகை மூட்டினார். பரிசோதனை வேண்டாம், சோறு வேண்டும். முடக்கம் வேண்டாம், சுதந்திரம் வேண்டும். பொய் வேண்டாம், மானம் வேண்டும். தலைவர் வேண்டாம், வாக்குரிமை வேண்டும். அடிமையாக அல்ல, குடிமகனாக இருப்போம். சிறிது நேரத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். கேமரா இல்லாத பொதுக் கழிப்பறைச் சுவர்களில் அந்த வரிகளை யாரோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆறு வாரம் கழித்துத் தெருவில் ஒலித்தவை பெரும்பாலும் அந்த வரிகள்தான்.

நவம்பர் 25 இரவு உரும்ச்சி மக்களே முதலில் இறங்கினார்கள். கடும் குளிரில் அரசு அலுவலகத்தின் முன்னால் கூடி 'முடக்கத்தை நீக்கு' என்று முழங்கினார்கள், தேசிய கீதம் பாடினார்கள். அடிமையாக இருக்க மறுப்பவர்களை எழச் சொல்லித்தான் அந்தக் கீதம் தொடங்குகிறது. ஷாங்காய் முடக்கத்தின்போது வெய்போ சமூக ஊடகத்தில் அந்த முதல் வரியே தணிக்கைக்கு உள்ளானது. நகர நிர்வாகம் மறுநாள் காலையே, சமூகத்தில் தொற்று அடிப்படையில் பூஜ்யமாகிவிட்டது, படிப்படியாகத் திறக்கிறோம் என்றது. நூறு நாளில் வராத பூஜ்யம் ஓர் இரவில் வந்ததை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

26ஆம் தேதி நாஞ்சிங்கில் ஊடகக் கல்லூரி ஒன்றின் படிக்கட்டில் மாணவி ஒருவர் வெற்றுத் தாளைப் பிடித்து நின்றார். ஒருவர் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். அவர் வெறுங்கையோடு, தாளைப் பிடித்த அதே பாவனையில் நின்றுகொண்டிருந்தார். மாலையில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் வெற்றுத் தாள்களோடும் போன் விளக்குகளோடும் அந்தப் படிக்கட்டை நிறைத்தார்கள்.

ஒரு ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 சென்டிமீட்டர் உயரம். சாதாரண 80 கிராம் தாள் என்றால் எடை ஏறத்தாழ 5 கிராம். எந்த அலுவலகத்திலும், எந்த ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்கும். கையில் வைத்திருப்பது குற்றமாகாது. தணிக்கை என்பது சொற்பட்டியல் வைத்து நடப்பது: தடைசெய்த சொல் இருந்தால் பதிவு நீங்கும், பதாகையில் வாசகம் இருந்தால் அது சாட்சியமாகும். சொல்லே இல்லாத தாளில் பிடிக்க எதுவுமில்லை. அதைப் பிடுங்குபவர், என்ன எழுதியிருந்தது என்று தனக்குத் தெரியும் என ஒப்புக்கொள்கிறார். ஹாங்காங்கில் 2020இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்து முழக்கங்கள் குற்றமானபோதே வெற்றுத் தாள்கள் உயர்ந்தன. ரஷ்யாவில் 2022இல் வெற்று அட்டை பிடித்தவர்களைக் கைது செய்தார்கள். சீனாவில் 'வெள்ளைத் தாள்', 'ஏ4' ஆகிய சொற்களின் தேடல் முடிவுகளே சுருங்கின. பெரிய எழுதுபொருள் நிறுவனம் ஒன்று ஏ4 தாள் விற்பனையை நிறுத்திவிட்டதாக ஓர் அறிவிப்பு சுற்றியது. அது போலி என்று நிறுவனம் மறுப்பு வெளியிட வேண்டி வந்தது.

26 இரவு ஷாங்காயில் கூட்டம் சேர்ந்த இடம் உரும்ச்சி நடுச் சாலை. ஷாங்காயின் பல தெருக்களுக்கு நாட்டின் மற்ற ஊர்களின் பெயர். பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில், மரங்களும் சிறு கடைகளும் உள்ள அந்தத் தெருவுக்கு உரும்ச்சியின் பெயர் வாய்த்திருந்தது. பெயர்ப் பலகையின் கீழே பூவும் மெழுகுவத்தியும், 'உரும்ச்சி 11.24' என்று எழுதிய அட்டையும் வைத்தார்கள். முதலில் அஞ்சலிதான். நள்ளிரவு தாண்டியபோது, ஷி ஜின்பிங் பதவி விலகு, கட்சி விலகு என்ற குரல்கள் கூட்டமாகவே எழுந்தன. 1989 தியானன்மென் போராட்டத்துக்குப் பிறகு சீனப் பெருநகரத் தெருவில் அப்படி வெளிப்படையாகக் கேட்பது மிக அரிது. விடிவதற்கு முன் போலீஸ் கூட்டத்தைப் பிரித்துப் பேருந்தில் ஏற்றியது. மறுநாள் பகலில் மக்கள் மறுபடி வந்தார்கள். கையில் பூங்கொத்தோடு ஓர் இளைஞர், கொஞ்சம் துணிவு வேண்டும், நான் பூ பிடித்திருப்பது குற்றமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே நடந்தார். அவரையும் காருக்குள் தள்ளினார்கள். பிபிசியின் செய்தியாளர் எட் லாரன்ஸும் அன்று கைதானார். போலீஸ் அவரை அடித்து உதைத்ததாக பிபிசி சொன்னது. பெயர்ப் பலகையைக் கழற்றி எடுத்துப்போனார்கள். நடைபாதை நெடுக நீலத் தடுப்புகள் முளைத்தன.

27ஆம் தேதி பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழக உணவகத்தின் முன்னால் மாணவர்கள் கூடினார்கள். ஒருவர் கையில் இருந்த தாளில் ஃப்ரீட்மன் சமன்பாடு. பிரபஞ்சம் விரிவதைச் சொல்லும் அந்தச் சமன்பாட்டின் பெயரை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் சுதந்திர மனிதன் என்று காதில் விழும். வூகானில், எல்லாம் தொடங்கிய அதே ஊரில், ஹான்ஜெங் தெருவில் கூட்டம் தடுப்புகளைத் தள்ளிச் சாய்த்தது. செங்டுவிலும் குவாங்ஜோவிலும் இரவு முழுக்கக் குரல் கேட்டது.

அன்றிரவு பெய்ஜிங்கின் லியாங்மா ஆற்றங்கரையில் நடந்ததில்தான் தெருவின் அறிவு முழுதும் தெரிந்தது. முடக்கத்துக்கு எதிராகக் கத்தாதீர்கள் என்று போலீஸ் சொன்னதும், 'எனக்குப் பரிசோதனை வேண்டும், முடக்கம் தொடர வேண்டும்' என்று கூட்டம் ஒரே குரலில் முழங்கியது. இங்கே வெளிநாட்டுச் சக்திகள் புகுந்திருக்கின்றன, கவனம் என்று ஒருவர் எச்சரித்தார். நீங்கள் சொல்லும் வெளிநாட்டுச் சக்தி மார்க்ஸும் ஏங்கல்ஸுமா என்று ஒரு குரல். உரும்ச்சியில் தீ வைத்தது வெளிநாடா? குய்ஜோ பேருந்தைக் கவிழ்த்தது வெளிநாடா? வெளிநாட்டு இணையத்தைத் திறக்கவே முடியாத எங்களுக்கு வெளிநாட்டுச் சக்தி எங்கிருந்து வரும்? அந்தப் பேருந்தின் பெயர் அங்கே வந்ததைக் கவனியுங்கள். மனத்தில் வைத்திருந்த பட்டியலைத்தான் அவர்கள் படித்தார்கள்.

மொழி விளையாட்டுகளும் ஓடின. சீனத்தில் வாழைப்பழத்தோல் என்ற சொல்லின் மூன்று அசைகளும் ஷி ஜின்பிங் பெயரின் முதலெழுத்துகளோடு பொருந்தும். இறால் பாசி என்பது பதவி விலகு என்பதுபோல ஒலிக்கும். இரண்டையும் சேர்த்துக் கத்தினார்கள். எழுத்தில் 'நல்லது நல்லது நல்லது' என்று பத்து வரி நிரப்பிப் போட்டார்கள்.

வீடியோக்கள் உள்நாட்டில் சில நிமிடங்கள்தான் உயிரோடு இருந்தன. தானியங்கித் தணிக்கை படத்தின் 'கைரேகை'யை வைத்து அடையாளம் காண்பதால், மக்கள் அவற்றைத் தலைகீழாகத் திருப்பினார்கள், வண்ணம் மாற்றினார்கள், ஒரு போனில் ஓடுவதை இன்னொரு போனால் படமெடுத்து ஏற்றினார்கள். அவற்றில் பல, இத்தாலியில் வாழ்ந்த ஓர் ஓவியர் நடத்திய 'ஆசிரியர் லி உங்கள் ஆசிரியர் அல்ல' என்ற ட்விட்டர் கணக்குக்குப் போயின. தணிக்கையைத் தாண்டிச் சென்றவர்கள் அங்கே பார்த்துத் தங்கள் ஊரில் எங்கே கூடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். ஐபோனின் ஏர்டிராப்பில் அறியாதவருக்கும் துண்டறிக்கை அனுப்பும் வழி முன்பு இருந்தது. நவம்பர் 9 அன்று வந்த ஐஓஎஸ் 16.1.1இல், சீனாவில் வாங்கிய போன்களுக்கு மட்டும், 'எல்லோரிடமிருந்தும் பெறு' என்ற வசதி பத்து நிமிடத்தில் தானாக அணையும்படி ஆனது. சரியாக வேண்டிய நேரத்தில் ஒரு வாசல் சாத்திக்கொண்டது.

போராடியவர்கள் எதில் தவறினார்கள் என்றால், போனில். அதைப் பையில் வைத்துக்கொண்டு வந்ததே போதுமானதாக இருந்தது. எந்தக் கோபுரத்தோடு எந்த எண் அந்த நேரத்தில் இணைந்திருந்தது என்ற பட்டியல் வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து அழைப்பு வந்தது: அன்றிரவு ஆற்றங்கரைக்கு ஏன் போனீர்கள்? தெருவிலும் மெட்ரோவிலும் போனை வாங்கி, டெலிகிராம், இன்ஸ்டகிராம், தணிக்கையைத் தாண்ட உதவும் விபிஎன் இருக்கிறதா என்று பார்த்தார்கள். திங்கள் இரவு அதே இடங்களில் போராட்டக்காரர்களைவிடப் போலீஸ் வண்டிகளே அதிகம். பல்கலைக்கழகங்கள் மாணவர்களை முன்கூட்டியே ஊருக்கு அனுப்பின. டிசம்பரில், கவனம் குறைந்த பிறகு, பெய்ஜிங்கில் இளம் பெண்கள் சிலரை ஒவ்வொருவராகக் கைது செய்தார்கள். பதிப்பகத்தில் வேலை செய்த ஒருவர், தான் காணாமல் போனால் வெளியிடும்படி ஒரு வீடியோ பதிந்து வைத்திருந்தார். 'சண்டைக்கு இழுத்துக் குழப்பம் விளைவித்தல்' என்பது வழக்கமான குற்றச்சாட்டு, ஐந்து ஆண்டு வரை சிறை. அவர்களில் சிலர் 2023 ஏப்ரலில் ஜாமீனில் வந்தார்கள். போராட்டத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவருக்கு 2025 ஜனவரியில் ஷாங்காய் நீதிமன்றம் மூன்றரை ஆண்டு கொடுத்தது.

போராட்ட வீடியோவைப் பகிர்ந்ததன் பின்னணியில் கைதான பத்தொன்பது வயது உய்குர் மாணவி ஒருவருக்குத் தீவிரவாதத்தைப் பரப்பியதாக மூன்று ஆண்டுச் சிறை. பெய்ஜிங்கில் தெருவில் நின்றவருக்குச் சில மாதம், உய்குர் என்றால் ஆண்டுக் கணக்கு. தீயில் இறந்த ஒரு தாயின் கணவரும் மகனும் முன்பே சிறையில் இருக்கிறார்கள் என்று வெளிநாட்டில் வாழும் உறவினர்கள் சொன்னார்கள். ஷாங்காய்த் தெருவின் அஞ்சலிகளில் 'உரும்ச்சி உடன்பிறப்புகள்' என்று இருந்தது, 'உய்குர்' என்ற சொல் அரிதாகவே இருந்தது. இதைச் சொல்வதால் அந்த மெழுகுவத்திகளின் மதிப்புக் குறையாது. ஆனால் சொல்லாமல் விடுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நவம்பர் 30இல் துணைப் பிரதமர் சுன் சுன்லான், வைரஸின் வீரியம் குறைந்துவிட்டது என்றார், பூஜ்யக் கொள்கை என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. அன்றே குவாங்ஜோ திறக்கத் தொடங்கியது. டிசம்பர் 7இல் '10 நடவடிக்கைகள்' வந்தன. லேசான தொற்று என்றால் வீட்டிலேயே இருக்கலாம், பெரும்பாலான இடங்களில் குறியீடு வேண்டாம். அவற்றுள் ஒரு வரி: தீயணைப்பு வழி, கட்டடக் கதவு, வளாக வாயில் ஆகியவற்றை எந்த வகையிலும் அடைப்பதற்குக் கண்டிப்பான தடை. உரும்ச்சியின் பெயர் அதில் இல்லை. படித்தவர்களுக்கு அது தேவைப்படவுமில்லை.

போராட்டத்தால்தான் கொள்கை மாறியதா? பொருளாதாரம் தேய்ந்து, உள்ளாட்சிகளின் பணம் பரிசோதனையில் கரைந்து, ஓமிக்ரான் ஏற்கெனவே கைமீறிப் போயிருந்தது. தளர்வு எப்படியும் வந்திருக்கும். அது அந்த வாரத்தில், அந்த வேகத்தில் வந்ததற்குத் தெருவே காரணம் என்பது என் கணிப்பு. ஆயத்தமில்லாமல் திறந்ததற்குத் தெருவைக் குறை சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. மூன்று ஆண்டு நேரம் அரசின் கையில் இருந்தது. சாவடிக்கும் வேலிக்கும் கொட்டிய உழைப்பு முதியோர் தடுப்பூசிக்குப் போகவில்லை. நவம்பரில் 80 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 40 சதவீதம் பேர்தான் பூஸ்டர் போட்டிருந்தார்கள். வெளிநாட்டு எம்ஆர்என்ஏ தடுப்பூசியைப் பொதுமக்களுக்கு அனுமதிக்கவில்லை. காய்ச்சல் மாத்திரை வாங்க அடையாளப் பதிவு கேட்டு, தொற்றை மறைப்பார்கள் என்று விற்பனையையே நெருக்கியிருந்தார்கள். அதனால் டிசம்பரில் வீடுகளில் ஐபுப்ரோஃபென் இல்லை. தகன மேடைகளில் வரிசை நின்றது. டிசம்பர் 8 முதல் ஜனவரி 12 வரை மருத்துவமனைகளில் 59,938 கோவிட் தொடர்பான இறப்புகள் என்று அரசு சொன்னது. வீட்டில் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் கிடையாது. தெருவில் நின்றவர்கள் கேட்டது கதவைத் திறக்க. மருந்தலமாரியைக் காலியாக வைக்க யாரும் கேட்கவில்லை.

2023 ஜனவரியில் சோங்சிங்கில் பரிசோதனைக் கருவி செய்யும் ஆலையின் தொழிலாளர்கள், வேலையும் போய்ச் சம்பளமும் வராமல், கருவிப் பெட்டிகளைத் தரையில் கொட்டிப் போலீஸோடு மோதினார்கள். சில ஊர்களில் சாவடிகளைக் காய்ச்சல் மருந்து தரும் இடமாக மாற்றினார்கள்.

அந்த ஆண்டு அக்டோபரில் ஷாங்காயின் ஜூலூ சாலையில், உரும்ச்சி சாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஹாலோவீன் கொண்டாட்டம் நடந்தது. ஒருவர் தாபாய் வேடத்தில் வந்து, போகிறவர்களின் தொண்டையில் மாதிரி எடுப்பதுபோல் நடித்தார். இன்னொருவர் உடையெங்கும் வெற்று ஏ4 தாள்களை ஒட்டிக்கொண்டு நடந்தார். 2024 ஹாலோவீனுக்கு அந்தத் தெருவில் தடுப்புகளும் போலீஸும் முன்கூட்டியே வந்திருந்தன. வேடமிட்டு வந்தவர்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.